ஆண்டிபட்டி வீடு (குழு): சொல்லுக்கு 40 பைசா

காலை 7:10
பெரியப்பா: [தாமரைப் பூ படம்] இனிய காலை வணக்கம்.

செல்வி: வணக்கம் பெரியப்பா. எல்லோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஒரு இணையதளத்துக்குத் தமிழில் கட்டுரை எழுதித் தரக் கேட்கிறார்கள். மாடித் தோட்டம், வீட்டுப் பராமரிப்பு மாதிரி தலைப்புகள். ஒரு கட்டுரை 800 சொல், சொல்லுக்கு 40 பைசா. சரி என்று சொல்லிவிடவா?

ராணி அத்தை: ஒரு கட்டுரைக்கு எவ்வளவு ஆச்சு?

செல்வி: 320 ரூபாய் அத்தை.

ராணி அத்தை: எத்தனை மணி நேரம் பிடிக்கும்?

செல்வி: எழுத மூன்று மணி நேரம்.

ராணி அத்தை: எழுத மட்டும் சொல்கிறாய். நான் ஜாக்கெட்டுக்குக் கூலி சொல்லும்போது அளவெடுப்பது, வெட்டுவது, கொக்கி வைப்பது எல்லாம் சேர்த்துத்தான் சொல்வேன். மிஷின் ஓடுகிற நேரத்துக்கு மட்டும் வாங்கினால் கடையை மூட வேண்டியதுதான்.

செல்வி: படித்துத் தகவல் சேர்க்க இரண்டு மணி. படம் தேட அரை மணி. திருத்தம் கேட்டால் இன்னும் ஒன்றரை. ஐயோ, ஏழு மணி நேரம் வருகிறது.

மாமா: மணிக்கு 46 ரூபாய்கூட இல்லை. 2025-26இல் நூறு நாள் வேலைக்கே நம் ஊரில் நாள் கூலி 336. நீ 16 ரூபாய் குறைவு 😄

செல்வி: சிரிக்காதீர்கள் மாமா. கரண்ட் பில், நெட் எல்லாம் என் கையில் இருந்துதான்.

தினேஷ் அண்ணா: தமிழுக்குச் சொல் கணக்கே தப்பு செல்வி. 'வராதவர்களுக்காக' என்பது நமக்கு ஒரே சொல். இதையே ஆங்கிலத்தில் 'ஃபார் தோஸ் ஹூ டிட் நாட் கம்' என்று எழுதினால் ஆறு சொல். ஆங்கிலத்தில் 1,000 சொல் வரும் விஷயம் தமிழில் சுமார் 700 சொல்தான் வரும். உழைப்பு அதேதான், காசு மட்டும் குறையும்.

மாமா: அப்படியானால் பிரித்துப் பிரித்து எழுதச் சொல். வந்து விட்டான், போய் விட்டான். கணக்கு இரண்டு மடங்காகிவிடும்.

பெரியப்பா: தப்பு. 'வந்துவிட்டான்' என்றால் வந்து சேர்ந்தான். 'வந்து விட்டான்' என்றால் யாரையோ கொண்டுவந்து விட்டுப் போனான். 31 வருடம் வகுப்பில் இதைத்தான் கத்தினேன்.

செல்வி: 🙏 அப்போது கட்டுரைக்கு இவ்வளவு என்று கேட்கலாமா? எவ்வளவு கேட்பது?

ராணி அத்தை: மாதம் உனக்கு என்ன வேண்டும்? அங்கிருந்து ஆரம்பி.

செல்வி: நெட், லேப்டாப் தவணை எல்லாம் சேர்த்து 24,000 இருந்தால் போதும்.

ராணி அத்தை: மாதத்தில் எத்தனை நாள் எழுத்து வேலை இருக்கும்? 30 என்று சொல்லாதே. ஆடியில் என் கடையில் ஈ ஓட்டுகிறேன்.

செல்வி: வேலை தேடுவது, பில் அனுப்புவது, பணத்துக்கு அலைவது போக 16 நாள் இருக்கும்.

மாமா: நாளுக்கு 1,500. கட்டுரைக்கு ஒரு நாள் ஆகிறது, ஆக கட்டுரை 1,500. 320 எங்கே, இது எங்கே!

செல்வி: கேட்டால் ஓடிவிடுவார்கள் மாமா.

தினேஷ் அண்ணா: ஓட மாட்டார்கள். எங்கள் கம்பெனியில் ஒரு தமிழ்க் கட்டுரைக்கு வாடிக்கையாளரிடம் 2,500 வாங்குகிறோம். எழுதுகிறவருக்குப் போவது 500. இதை நான் சொன்னதாக வெளியே சொல்லிவிடாதீர்கள்.

பெரியப்பா: மீதி 2,000 எங்கே போகிறது?

தினேஷ் அண்ணா: அப்பா, என் சம்பளமும் அதில்தான் வருகிறது 😬

செல்வி: இன்னொன்று. முதலில் 'மாதிரி'க்கு ஒரு கட்டுரை இலவசமாகக் கேட்கிறார்கள். 800 சொல்.

ராணி அத்தை: என்னிடம் யாராவது ஒரு ஜாக்கெட் ஓசியில் தைத்துக் கொடு, பிடித்தால் வருகிறேன் என்று சொன்னால் கத்திரிக்கோலை எடுப்பேன். தைத்து வைத்திருப்பதைக் காட்டுவேன். நீயும் ஏற்கெனவே எழுதியதைக் காட்டு. ஆல்டரும் அப்படித்தான். ஒரு தடவை சும்மா பிடித்துத் தருவேன். பிறகு கழுத்தை மாற்று, கையைக் குறை என்று வந்தால் தனிக் காசு.

தினேஷ் அண்ணா: இதை எழுத்தில் வாங்கிக்கொள். ஒரு திருத்தம் இலவசம், தலைப்பையே மாற்றினால் புதுக் கட்டுரை. கொடுத்த 15 நாளில் பணம்.

மாமா: பான் நம்பர் கொடுத்துவிடு, இல்லையென்றால் தருகிற பணத்தில் 20 சதவீதம் வருமான வரி என்று பிடிப்பார்கள். கொடுத்தால் 10 சதவீதம். அதுவும் 2025 ஏப்ரலில் இருந்து ஒரே இடத்தில் வருடத்துக்கு 50,000 தாண்டினால்தான். முன்பு 30,000. பிடித்தாலும் உனக்கு வரி வராது, ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஜிஎஸ்டி பற்றிக் கவலைப்படாதே, வருடத்துக்கு 20 லட்சம் சம்பாதிக்கும்போது பார்த்துக்கொள்வோம்.

ராணி அத்தை: உங்கள் வாய் முகூர்த்தம் பலிக்கட்டும் 😂

மதியம் 12:40
செல்வி: இப்படி அனுப்பியிருக்கிறேன். "கட்டுரைக்கு 1,500 ரூபாய். ஒரு திருத்தம் இதில் அடங்கும். இலவச மாதிரி இல்லை, முன்பு எழுதிய மூன்று கட்டுரைகளின் இணைப்பு கீழே. முதல் கட்டுரைக்குப் பாதி முன் பணம்." கை நடுங்கியது.

மாலை 6:05
செல்வி: பதில் வந்துவிட்டது. 1,500 முடியாதாம். 1,000 தருகிறார்களாம், மூன்று கட்டுரைக்குப் பிறகு பேசலாம் என்கிறார்கள். முன்பணத்துக்குச் சம்மதம்.

ராணி அத்தை: 1,000க்கு எத்தனை மணி நேரம் உழைப்பாய் என்று பார். ஏழு மணி நேரம் கொடுக்காதே.

செல்வி: 550 சொல்லில் எழுதித் தருகிறேன், ஐந்து மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்றேன். சரி என்றுவிட்டார்கள்!

மாமா: மணிக்கு 200. பரவாயில்லை, நூறு நாள் வேலையைத் தாண்டிவிட்டாய்.

பெரியப்பா: மதியம் நீ அனுப்பியதில் ஒரு பிழை. 'முன் பணம்' அல்ல, 'முன்பணம்'. ஒரே சொல்.

செல்வி: ஒன்றாகவே இருக்கட்டும் பெரியப்பா. இனிமேல் சொல்லுக்கா காசு வாங்குகிறேன்?