ஆயுள் நூடுல்ஸ் அறுந்துபோகாமல் வதக்குவது எப்படி?

கேள்வி (புதுக்கரண்டி):
சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு, குடும்பத்தார் அனைவரும் ஒன்றுகூடி உண்ணும் விருந்துக்கு நண்பர் ஒருவர் என்னையும் அழைத்திருக்கிறார். அவருடையது தென்சீனாவின் கான்டன் பகுதி வழிவந்த குடும்பம். ஆயுள் நூடுல்ஸைச் சமைக்கும் பொறுப்பை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன்; இப்போது அச்சமாக இருக்கிறது. நீண்ட இழை நீண்ட ஆயுளைக் குறிப்பதால், அதைச் சமையலறையில் வெட்டவோ ஒடிக்கவோ கூடாது என்பதை அறிவேன். ஆனால் ஒத்திகை பார்த்தபோது, வேகவைத்து வடிகட்டிய முட்டை நூடுல்ஸ் உருண்டையாக ஒட்டிக்கொண்டது. வாணலியில் கரண்டியால் பிரிக்க முயன்றதும் விரல்நீளத் துண்டுகளாக அறுந்துபோயிற்று. பிழை எங்கே? எட்டுப் பேருக்குச் செய்ய வேண்டும்.

பதில் (இரும்புவாணலி):
நீங்கள் சொல்வதிலிருந்தே மூன்று பிழைகள் தெரிகின்றன. வாணலியில் மீண்டும் வேகும் என்பதை மறந்து முழுமையாக வேகவைத்துவிட்டீர்கள். வடிகட்டியதை வடிதட்டிலேயே குவியலாக விட்டதால், இழைகளின் மேலிருந்த மாவுச்சத்து ஆறும்போது பசையாகிவிட்டது. பிரிப்பதற்குக் கரண்டியைப் பயன்படுத்தினீர்கள். நிறையத் தண்ணீரில், நடுப்பகுதி சற்றே விறைப்பாக இருக்கும்போதே எடுத்து, அகலமான தட்டில் பரப்பி, சிறிது எண்ணெய் பிசிறி ஆறவிடுங்கள். வாணலியில் சாப்ஸ்டிக்கை இழைகளுக்கு அடியில் செலுத்தித் தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். எட்டுப் பேருக்கானதை ஒரே தடவையில் போட்டால் வாணலி குளிர்ந்து, வதங்க வேண்டியது அவிந்துவிடும். ஆகவே இரண்டு ஈடுகளாகச் செய்யுங்கள்.

பதில் (அடுப்பங்கரை):
மேலே உள்ளவர் சொன்ன முறை சரியானதே. ஆனால் கான்டன் குடும்பத்து விருந்து என்றால் சாதாரண முட்டை நூடுல்ஸைவிட ‘யீ மீன்’ என்னும் நூடுல்ஸ் பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. முட்டை சேர்த்த கோதுமை மாவில் செய்து, எண்ணெயில் பொரித்து, வட்ட வில்லைகளாக உலர்த்தி விற்கப்படும் நூடுல்ஸ் அது. பொரித்ததால் இழைகளுக்குள் நுண்ணிய துளைகள் உண்டாகி, பஞ்சு போலச் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். 1754 முதல் 1815 வரை வாழ்ந்த, சீனாவின் சிங் அரசமரபுக் காலத்து அதிகாரியும் கையெழுத்துக் கலைஞருமான யீ பிங்ஷோவின் வீட்டுச் சமையல்காரர், வெந்த நூடுல்ஸைத் தவறுதலாகக் கொதிக்கும் எண்ணெயில் போட்டதில்தான் இது பிறந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, பெயரில் அவருடைய குடும்பப்பெயர் நிலைத்துவிட்டது.

வில்லையை உடைக்காமல் கொதிநீரில் இறக்கி, தானாக நெகிழும்வரை காத்திருங்கள். கிளறினால் அங்கேயே அறுபடும். இரண்டு நிமிடங்கள் போதும். 200 கிராம் நூடுல்ஸுக்கு 150 மில்லி கோழிச்சாறு, ஒன்றரை மேசைக்கரண்டி சிப்பி சாஸ், ஒரு மேசைக்கரண்டி வெளிர் சோயா சாஸ், நிறத்துக்காக ஒரு தேக்கரண்டி அடர் சோயா சாஸ், அரைத் தேக்கரண்டி சர்க்கரை ஆகியவற்றை முன்கூட்டியே கலந்து வைத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் காளானை வதக்கி, இக்கலவையை ஊற்றி, கொதித்தபின் நூடுல்ஸைச் சேர்த்து, சாறு முழுவதும் உள்ளே இழுபடும்வரை மெதுவாகப் புரட்டுங்கள். உண்மையில் இது வதக்கல் என்பதைவிடச் சாறு வற்றச் சமைப்பதுதான். இழைகள் ஈரத்திலேயே புரள்வதால் அறுபடும் வாய்ப்பும் குறைவு.

பதில் (எள்மணம்):
மஞ்சள் கூச்சாயை யாரும் குறிப்பிடவில்லையே! பூண்டு மணமுள்ள தட்டையான தாள் அது. ஒளி படாமல் வளர்ப்பதால் வெளிர்மஞ்சளாக இருக்கும். அதன் சீனப் பெயரிலுள்ள ‘ஜியூ’ என்ற எழுத்தும், ‘நெடுங்காலம்’ என்று பொருள்படும் எழுத்தும் ஒரே ஒலி கொண்டவை. ஆகவே ஆயுள் நூடுல்ஸில் அது சேர்வது சுவைக்காக மட்டுமன்று. அடுப்பை அணைப்பதற்குச் சற்று முன்பு சேர்த்தால் போதும். முன்பே போட்டால் துவண்டு நீர்விடும். இறுதியில் விடும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியதாக இருக்கட்டும். வறுக்காத எள்ளின் எண்ணெயில் அந்த மணம் வராது.

கேள்வி கேட்டவர் (புதுக்கரண்டி):
அனைவருக்கும் நன்றி. நேற்று யீ மீன் வில்லை ஒன்றை வாங்கி முயன்றேன். இரண்டு மூன்று இழைகளைத் தவிர மற்றவை முழுமையாகவே தட்டுக்கு வந்தன. இன்னும் ஓர் ஐயம்: வாயில் வைத்தபின் கடிக்கலாமா?

பதில் (அடுப்பங்கரை):
கடிக்காமல் உறிஞ்சி முடிக்க வேண்டும் என்பவர்களும் உண்டு, அதைப் பொருட்படுத்தாதவர்களும் உண்டு. வீட்டுப் பெரியவர் எப்படி உண்கிறார் என்று பார்த்து அப்படியே செய்யுங்கள். பரிமாறும்போது மட்டும் கத்தரிக்கோலை எடுத்துவிடாதீர்கள். இடுக்கியால் உயரத் தூக்கினால் இழைகள் தாமாகவே பிரியும். கான்டன் விருந்துகளில் நூடுல்ஸ் பெரும்பாலும் கடைசியில், இனிப்புக்குச் சற்று முன்புதான் மேசைக்கு வரும் என்பதால், சாறு சேர்க்கும் வேலையை அதுவரை தள்ளி வையுங்கள்.