பெண் பிள்ளைக்குப் பெயர் வைத்தபோது உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

பெஸ்தாரி அத்தை:

வணக்கம். என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. எங்கள் வழக்கத்தில் முப்பதாம் நாள் தொட்டிலில் போட்டு, அத்தைதான் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். அதனால் பெயர் தேடும் பொறுப்பும் என்னிடம் வந்துவிட்டது. சந்தோஷமான பொறுப்புதான். ஆனால் வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள்.

குழந்தை பிறந்தது இரவு 1.10க்கு. உறவுக்காரர் ஒருவர் பஞ்சாங்கம் பார்த்து ஆயில்ய நட்சத்திரம் என்றார். அதற்கு டி, டு, டே, டோ என்று பெயரின் முதல் எழுத்தும் கொடுத்தார். டி-யில் என்ன பெயர் இருக்கிறது? அவரே கைப்பேசியில் ஒரு பட்டியலைத் தேடிக் காட்டினார். அதில் ஒரு பெயரைக்கூட என் அம்மாவால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அதைவிட மோசம், 'ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது' என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. நேற்றுப் பிறந்த பிள்ளைக்கு இப்போதே மாமியார் கணக்கா என்று தம்பி மனைவி அழுதுவிட்டாள்.

அப்பா நல்ல தமிழ்ப் பெயர் வேண்டும் என்கிறார். அம்மாவுக்குப் பழைய ஆட்கள் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். தம்பியோ, பள்ளியில் மலாய் டீச்சர் கூப்பிட்டால் பிள்ளைக்குத் தன் பெயர் என்று தெரிய வேண்டும் என்கிறான். மூன்றும் நியாயம்தான். உங்கள் வீட்டில் எப்படி முடிவு செய்தீர்கள்? கேள்விப்பட்டது வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார், கோலசிலாங்கூர்:

எழுத்தைத் தேடும் முன் நட்சத்திரத்தைச் சரிபாருங்கள் அம்மா. என் பேத்தி பிறந்தபோது இதே குழப்பம் வந்தது. வீட்டில் இருந்தது தமிழ்நாட்டில் அச்சான பஞ்சாங்கம். அதில் நட்சத்திரம் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் இந்திய நேரப்படி இருக்கும். நம் மலேசியக் கடிகாரம் அதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. குழந்தை பிறந்த நேரத்தில் இரண்டரை மணியைக் கழித்துவிட்டுத்தான் அந்தப் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் பிள்ளைக்கு அது முந்தின நாள் இரவு 10.40 ஆகிறது. நாளே மாறிவிடுகிறது பாருங்கள். (இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1982க்கு முன் மலேசியத் தீபகற்பத்தில் பிறந்தவர்களுக்கு இரண்டு மணி நேரம் கழித்தால் போதும். அந்த ஆண்டு ஜனவரி முதல் நாள்தான் இங்கே கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். பெரியவர்களுக்கு ஜாதகம் பார்க்கும்போது பலர் இதைக் கவனிப்பதில்லை.) லக்கினம் வேறு கணக்கு, அது பிறந்த ஊரை வைத்துப் பார்ப்பது. பெயருக்கு நட்சத்திரமும் பாதமும் போதும்.

இனி எழுத்து. இந்தப் பட்டியல் வடமொழி எழுத்துகளை வைத்து அமைந்தது. தமிழில் ட, ர, ல சொல்லுக்கு முதலில் வராது. தொல்காப்பியக் காலத்திலிருந்தே அதுதான் இலக்கணம். அப்படியிருக்க, டி-யிலும் டு-விலும் தமிழ்ப் பெயர் கிடைக்கவில்லையே என்று கவலைப்படுவதில் பொருள் இல்லை. நாங்கள் அந்த எழுத்தில் ஒரு பெயரைக் காதில் சொன்னதோடு விட்டோம். பதிவில் வைத்தது எங்களுக்குப் பிடித்த தமிழ்ப் பெயர். கோவிலில் அர்ச்சனைக்கும் அதே பதிவுப் பெயரைத்தான் சொல்கிறோம், கூடவே நட்சத்திரமும் ராசியும். எந்தக் குருக்களும் இதுவரை குறை சொன்னதில்லை.

ஆயில்யக்காரி, ஈஜோக்:

வாத்தியார் நட்சத்திரத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் நட்சத்திரம் மாறாமல் ஆயில்யமாகவே இருந்தாலும் கலங்காதீர்கள் அக்கா. நான் ஆயில்யம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் சிலர் அதைக் கேட்டதும் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். கடைசியில் என்னைக் கட்டிக் கொடுத்த வீட்டில் மாமியார் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கு மருமகள் வேணும், நட்சத்திரம் வேண்டாம்." பால்மரம் (ரப்பர் மரம்) சீவிப் பிள்ளைகளை ஆளாக்கிய மனுஷி. எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தார். கடைசி வருடங்களில் அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பக்கத்திலேயே படுத்தது நான்தான். இந்தப் பேச்சை உங்கள் வீட்டில் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். பெண் பிள்ளை காதில் அது விழவே கூடாது. எனக்கு விழுந்தது, பல வருடம் வலித்தது.

தென்னமரத்துப் பேத்தி:

நான் தென்னமரம் தோட்டத்தில் பிறந்தவள். 1917இல் மலாயாவிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்ட தோட்டம் அது. எங்கள் ஊருக்கே 2007இல் பத்தாங் பெர்ஜுந்தை போய் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது, அம்மாவுக்கு இன்னும் புதுப் பெயர் வாயில் வரவில்லை.

எனக்குப் பெயரைவிட எழுத்துக்கூட்டல்தான் பெரிய விஷயம். ஏன் என்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிள்ளை பிறந்தால் தாத்தா வாயால் சொல்வார், எழுதுவது யாரோ. சொல்கிறவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது, எழுதுகிறவருக்குப் பல நேரம் தமிழ் தெரியாது. லட்சுமி என்று வைத்த பெயர் லெட்சுமி ஆனது. அது பரவாயில்லை, இன்று அதுவே நம் நாட்டுப் பெயராகிவிட்டது. ஆனால் என் அப்பா பெயர் எங்கள் அண்ணன் தம்பி அக்கா தங்கை ஒவ்வொருவரின் சூராவிலும் (பிறப்புப் பத்திரத்திலும்) ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. ஒன்றில் முனுசாமி, ஒன்றில் மூன்சாமி, என்னுடையதில் கடைசியில் 'வை' இருக்க வேண்டிய இடத்தில் 'ஐ'.

அப்பா இறந்த பிறகு அவர் சேமிப்புப் பணத்தை எடுக்கப் போனோம். ஓர் அலுவலகத்தில், நீங்கள் எல்லாரும் ஒரே அப்பாவின் பிள்ளைகள் என்று எப்படி நம்புவது என்று கேட்டார்கள். அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருடம் அவரோடு வெயிலிலும் மழையிலும் வேலை செய்தவரிடம் கேட்கிற கேள்வியா அது? சத்தியப் பிரமாணம் எழுதி, ஆணையர் முன் கையெழுத்துப் போட்டு, மறுபடி மறுபடி அலைந்துதான் முடிந்தது.

ஆகவே அக்கா, பெயரை முடிவு செய்கிற அன்றே ஆங்கில எழுத்தையும் வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். பெரிய எழுத்தில் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கவுண்டரில் நின்று வாயால் சொல்லாதீர்கள்.

பாலர் பள்ளி டீச்சர்:

மேலே சொன்னதை நான் தினமும் வகுப்பில் பார்க்கிறேன். ழ வருகிற பெயர்கள் எனக்கு உயிர். யாழினி, கயல்விழி, தேன்மொழி. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் 'எல்' போடுகிறார்கள், சிலர் 'இசட் எச்' போடுகிறார்கள். 'இசட் எச்' போட்ட யாழினியை மலாய், சீன ஆசிரியர்கள் 'யாஸ்ஹினி' என்று படிக்கிறார்கள். பிள்ளை திரும்பிப் பார்ப்பதே இல்லை. நம் நாட்டில் 'எல்' போடுவது பழைய வழக்கம், படிக்கிறவருக்கும் பக்கத்தில் வரும். அதற்காக ழ உள்ள பெயரை விட்டுவிடாதீர்கள், எழுத்தை மட்டும் யோசித்துப் போடுங்கள்.

என் சொந்த மகளுக்கு எண் கணிதம் பார்க்கும் ஒருவர் கூடுதலாக ஓர் 'ஏ' போடச் சொன்னார், நடுவில் ஒரு 'எச்' வேறு. மாமனார் ஆசைப்பட்டார் என்று என் கணவர் அரை மனதாகச் சரி சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கிளினிக் புத்தகம், பள்ளிப் பதிவு, வங்கி, கடப்பிதழ் என்று வாழ்நாள் முழுக்க அந்தப் பிள்ளை 'இரண்டு ஏ, நடுவில் எச்' என்று சொல்லிக்கொண்டே நிற்க வேண்டும். அதிர்ஷ்டத்துக்காகச் சேர்த்த எழுத்தை யாராவது ஒருவர் எங்காவது விட்டுவிடத்தான் போகிறார். அதன் பிறகு தென்னமரத்து அக்கா சொன்ன கதைதான்.

நாங்கள் செய்தது இதுதான். பிடித்த பெயர்களைத் தாளில் எழுதி, முதலில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடமும், பிறகு மளிகைக் கடைச் சீனரிடமும் படிக்கச் சொன்னோம். கயல் என்ற பெயரில் எனக்கு ரொம்ப ஆசை இருந்தது. அந்த அம்மா படித்துவிட்டுத் தயங்கித் தயங்கி, மலாயில் அது மயக்கத்தில் இருப்பவரைச் சொல்கிற மாதிரி கேட்கிறது, பள்ளியில் கிண்டல் செய்வார்கள் என்றார். அவர் சொல்லியிருக்காவிட்டால் எங்களுக்குத் தோன்றியே இருக்காது. பெயரோடு விழி சேர்ந்ததும் அந்தச் சிக்கல் போய்விட்டது. என் மகள் கயல்விழி.

லோரி அண்ணன், பத்தாங் காலி:

ஒரு விஷயம் மட்டும். எங்கள் கல்யாணம் கோவிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்கப் போனபோதுதான் அப்பா பெயர் தானாக ஏறாது என்று தெரிந்தது. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் போடுவார்கள், சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. 1982லிருந்து சிவில் திருமணப் பதிவு நமக்குக் கட்டாயம். பெயரைப் பற்றி எவ்வளவு நாள் பேசினோம், அதன் பின்னால் வருகிற அப்பா பெயரைப் பற்றி யாரும் பேசவில்லை. பிள்ளை வரப்போகிற வீடுகளில் இன்னும் பதியாதவர்கள் இருந்தால் இப்போதே போய்ப் பதியுங்கள், தயவுசெய்து.

பெஸ்தாரி அத்தை:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா சொன்னபடி பார்த்தோம். அன்றைக்கு இந்திய நேரம் 11.45க்குத்தான் ஆயில்யம் தொடங்குகிறது. பிள்ளை 10.40. அதாவது பூசம். உறவுக்காரர் நம் நேரத்தை அப்படியே வைத்துப் பார்த்திருக்கிறார். பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ, ட. மறுபடியும் தமிழில் இடம் இல்லை! சரி, எழுத்தை விட்டுவிட்டோம்.

ஈஜோக் தங்கச்சி எழுதியதைத் தம்பி மனைவிக்குப் படித்துக் காட்டினேன். பூசம் என்று தெரிந்த பிறகும் அவள் அதைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு இனி எங்கள் வீட்டில் வராது.

பெயர் பூவரசி. என் பாட்டி பெயர் பூவாயி. ஆயாக் கொட்டகையில் தோட்டத்துப் பிள்ளைகளை எல்லாம் வளர்த்தவர். பேத்திக்குப் பாட்டி பெயர் வருவதுதானே நம் வழக்கம், அந்தப் 'பூ' போதும் என்று அம்மா சொல்லிவிட்டார். அப்பாவுக்குத் தமிழ். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ஒரே மூச்சில் சரியாகப் படித்தார், தம்பிக்கும் திருப்தி. இப்போது ஒரே சண்டை, பூ-வுக்கு இரண்டு 'ஓ' போடுவதா, ஒரு 'யூ' போடுவதா என்பது.

பாலர் பள்ளி டீச்சர்:

அழகான பெயர் அக்கா. ஒரு 'யூ' போடுங்கள். இரண்டு 'ஓ' போட்டால் மலாயில் படிக்கிறவர் 'போ' என்று இழுப்பார். 'யூ' மலாயிலும் 'ஊ'தான்.

தென்னமரத்துப் பேத்தி:

நானும் 'யூ' பக்கம். பதிவுக்கு 60 நாள் இருக்கிறது, தொட்டில் முடிந்த பிறகு போனாலும் நேரம் போதும். ஆனால் தள்ளிப்போடாதீர்கள், தாமதமானால் வேறு நடைமுறை, கூடுதல் கேள்விகள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்பு உறுதித் தாள், இருவரின் மைகார்டு (அடையாள அட்டை), கல்யாணப் பத்திரம் எல்லாம் அசல் எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் அங்கிருந்து கிளம்பாதீர்கள். பூவரசியை ஓர் எழுத்து ஓர் எழுத்தாகப் படியுங்கள், பிறகு தம்பி பெயரை அவர் மைகார்டோடு வைத்துப் பாருங்கள், ஒரு 'ஐ'கூட மாறக் கூடாது. பிழை இருந்தால் அந்தக் கவுண்டரிலேயே சொல்லிவிடுங்கள்.