மறு: நாய்க்குட்டியும் கைக்குழந்தையும் – ஒட்டுதல், பழகுபருவம், வேற்றுமுகம்

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஆங்கிலக் கலைச்சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். 'அட்டாச்மென்ட்', 'சோஷியலைசேஷன்' இரண்டுக்கும் தமிழில் 'பிணைப்பு' என்ற ஒரே சொல் போதும் என்று பலரும் சாய்வது தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முன்னது, குட்டியோ குழந்தையோ குறிப்பிட்ட ஒருவரை நாடி ஒட்டிக்கொள்வது. பின்னது, சிறு வயதில் ஆட்களுக்கும் சுற்றுப்புறத்துக்கும் அஞ்சாமல் பழகிக்கொள்வது. இவை இரண்டும் வேறு வேறு நிகழ்வுகள். ஒன்று நடந்து மற்றது நடக்காமல் போகலாம்.

> நாய்க்குட்டி மனிதரோடு பிணைவது 3 முதல் 12 வாரத்துக்குள். அதற்குப் பிறகு முடியாது.

இழையில் ஒருவர் எழுதிய இந்த வரியிலேயே குழப்பம் இருக்கிறது. 3 முதல் 12 வாரம் என்பது நாய்களின் நடத்தையை ஆராய்ந்த ஸ்காட்டும் ஃபுல்லரும் சொன்ன கணக்கு. அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்து பார் ஹார்பரில், ஜாக்சன் ஆய்வகத்தில், ஐந்து இன நாய்களை ஆண்டுக்கணக்கில் வளர்த்துப் பார்த்து 1965-இல் நூலாக எழுதினார்கள். ஆனால் அவர்கள் அளந்தது 'மனிதர் என்ற உயிரினம் பயப்பட வேண்டியது இல்லை' என்று குட்டி தெரிந்துகொள்ளும் காலத்தை. இன்னாரிடம் போய் ஒட்டிக்கொள்வது அதில் சேராது.

1961-இல் ஃப்ரீட்மன், கிங், எலியட் மூவரும் 'சயன்ஸ்' இதழில் எழுதிய ஆய்வைப் பாருங்கள். உயரமான வேலி போட்ட, ஒரு ஏக்கர் அளவுள்ள வெளியில் தாய் நாய்களையும் குட்டிகளையும் மனிதர் பழக்கமே இல்லாமல் விட்டார்கள். 2, 3, 5, 7, 9 வார வயதில் சில சில குட்டிகளை மட்டும் உள்ளே கொண்டுவந்து, ஒரே ஒரு வாரம் ஆட்களோடு இருக்கவிட்டுத் திரும்ப வெளியே அனுப்பினார்கள். அந்த ஒரு வாரமும் கிடைக்காத குட்டிகள் 14 வாரத்தில் ஆளைக் கண்டாலே மிரண்டு ஓடின. நடு வாரங்களில் உள்ளே வந்துபோன குட்டிகளுக்கு அந்த ஒரு வாரமே பெரிய மாற்றத்தைத் தந்தது. ஏன் இப்படி? மூன்று வாரத்தில் கண்ணும் காதும் வேலை செய்யத் தொடங்கிவிடும், புதியது எதைப் பார்த்தாலும் கிட்டப் போகும் ஆசை இருக்கும். அப்புறம் மெல்ல மெல்ல அச்சம் வளர்ந்து அந்த ஆசையை மிஞ்சிவிடும்.

இதற்கு நான் வைக்கும் சொல் பழகுபருவம். குட்டி ஆளிடம் பழகும், பூனையிடம் பழகும், குக்கர் விசிலுக்கும் குடைக்கும் பழகும். உயிரோடும் பொருளோடும் ஒரே வினை இயல்பாகப் பொருந்துகிறது. 'சமூகமயமாக்கல்' இங்கே ஒத்துவராது. அது சமூகவியலில் வேரூன்றிய சொல், மனிதக் குழந்தை மொழியும் வழக்கமும் கற்று வளர்வதற்கு அப்படியே இருக்கட்டும். 'பழக்குதல்' இன்னும் ஆபத்து, அது பயிற்சி கொடுப்பது. உட்கார், கை கொடு என்பதெல்லாம் ஆறு மாதத்திலும் சொல்லித்தரலாம், ஆறு வயதிலும் தரலாம். பழகுபருவம் அப்படிக் காத்திருக்காது. தடுப்பூசி எல்லாம் முடியட்டும் என்று குட்டியை நான்கு மாதம் வீட்டுக்குள் பூட்டி வைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் கழித்தே, ஏழு எட்டு வார வயதில் குட்டிகளுக்கான வகுப்பில் சேர்க்கலாம் என்று அமெரிக்க விலங்கு நடத்தை மருத்துவர் சங்கமே சொல்கிறது.

சரி, 'அட்டாச்மென்ட்'. புடாபெஸ்ட்டில் டோபால், மிக்லோஷி முதலானவர்கள் 1998-இல் 51 நாய்களையும் அவற்றை வளர்ப்பவர்களையும் கொண்டு உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த்தின் குழந்தைச் சோதனையைச் சற்று மாற்றிச் செய்து பார்த்தார்கள். புதிய அறை, புதிய ஆள், வளர்ப்பவர் வெளியே போய்த் திரும்பி வருகிறார். பல நாய்கள் ஒரு வயதுக் குழந்தையைப் போலவே நடந்துகொண்டன. 2001-இல் அதே குழுவினர் காப்பகத்தில் இருந்த வளர்ந்த நாய்களிடம் போனார்கள். ஓர் ஆள் பத்துப் பத்து நிமிடமாக மூன்றே முறை கொஞ்சிப் பழகியதும், அவரிடம் அந்த நாய்கள் ஒட்டுதலின் அடையாளங்களைக் காட்டின. பழகுபருவம் முடிந்து எத்தனையோ காலம் ஆன நாய்கள் அவை! மேலே மேற்கோள் காட்டிய வரி இங்கேயே உடைந்துவிடுகிறது.

ஓநாய்க் கதை இதைத் தலைகீழாகக் காட்டுகிறது. கையிலேயே வளர்த்த ஓநாய்க்குட்டிகள் நான்கு மாதத்தில் மனிதரிடம் பயமில்லாமல் இருந்தன, ஆனால் வளர்த்தவரிடம் நாய்க்குட்டி போலத் தனி நாட்டம் காட்டவில்லை என்று 2005-இல் அதே குழு எழுதியது. பழகியது, ஒட்டவில்லை. 2022-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் தாங்கள் வளர்த்த ஓநாய்கள் ஒட்டவும் செய்தன என்று மறுத்தார்கள். இந்த விவாதத்தைத் தமிழில் எழுத வேண்டுமானால் இரண்டு சொல் இல்லாமல் ஒரு வரிகூட நகராது.

> பாசம் என்ற அழகான சொல் இருக்க, ஏன் புதிதாக?

பாசம் இரு பக்கமும் ஓடும் உணர்ச்சி. 'அட்டாச்மென்ட்' கோட்பாட்டை வகுத்த ஜான் பௌல்பி பேசியது குழந்தை ஒருவரை நாடிப் போவதை, பிரிந்தால் கலங்குவதை, அவர் அருகில் இருந்தால் தைரியம் பெறுவதை. உளவியலாளர் ஹார்லோவின் சோதனையில் குரங்குக்குட்டிகள் பால் கொடுத்த கம்பிப் பொம்மைத் தாயை விட்டுவிட்டு, பால் இல்லாத துணிப் பொம்மைத் தாயையே கட்டிக்கொண்டு கிடந்தன. அந்தத் துணி திருப்பிப் பாசம் காட்டவா செய்தது? அடிக்கும் அப்பாவிடமும் குழந்தை ஒட்டியே இருக்கிறது. அதனால் என் தெரிவு ஒட்டுதல். 'அவளுக்குப் பாட்டியிடம்தான் ஒட்டுதல்' என்று வீட்டில் சொல்லும்போதே யாரிடமிருந்து யாரிடம் என்ற திசை வந்துவிடுகிறது. வகை பிரிக்கவும் வளைந்து கொடுக்கும்: உறுதியான ஒட்டுதல், விலகும் ஒட்டுதல், பிணங்கும் ஒட்டுதல், குலைந்த ஒட்டுதல். 'ஒட்டுறவு' போக்குவரத்து உள்ள உறவைச் சொல்வதால் அது வேண்டாம். 'பிணைப்பு' தாய்க்கும் சேய்க்கும் இடையில் இருபுறமும் உண்டாவதற்கு இருக்கட்டும்.

புக்கரெஸ்ட் ஆய்வையும் சொல்ல வேண்டும். ருமேனிய விடுதிகளில் வளர்ந்த குழந்தைகளில் சிலர் முன்பின் தெரியாதவரோடு தயங்காமல் கிளம்பிப் போனார்கள். எல்லாரிடமும் பழகினார்கள் என்பதை வைத்து ஒட்டுதல் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களிடம் உறுதியான ஒட்டுதல் கூடுதலாகத் தெரிந்தது. அந்தக் குழந்தைகளைப் பற்றித் தமிழில் எழுதும்போது 'கலகலப்பானவர்கள்' என்று தவறாகப் பதிந்துவிடக் கூடாது.

எட்டு மாதம் வாக்கில் புது ஆளைக் கண்டு அழுவதற்கு 'அயலார் அச்சம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் வீடுகளில் ஏற்கனவே வேற்றுமுகம் இருக்கிறதே. 'குழந்தைக்கு வேத்துமுகம் வந்துடுச்சு' என்று பாட்டிகள் சரியான மாதத்தில் சரியான நிகழ்வைத்தான் சொல்கிறார்கள். பிரிவால் வரும் வாட்டத்துக்கு 'ஏக்கம்', 'ஏங்கிப்போதல்' போதும்.

குழந்தை தைரியமாகச் சுற்றிவந்து திரும்பிச் சேரும் ஆளைக் குறிக்கும் 'செக்யூர் பேஸ்' மட்டும் கடினம். எய்ன்ஸ்வொர்த் 1950-களில் உகாண்டாவில் கம்பாலாவுக்கு அருகில் கவனித்தது இது: தவழும் குழந்தை தாயை விட்டு நகர்ந்து சுற்றிப் பார்க்கும், இடையிடையே திரும்பி வந்து தொட்டுவிட்டு மறுபடி போகும். கண்ணாமூச்சியில் ஓடிவந்து தொடும் தாய்ச்சி அப்படியே இதுதான். தொட்டால் பத்திரம், தொட்டபின் மறுபடி ஆட்டம். 'பாதுகாப்புத் தளம்' என்றால் ராணுவ முகாம் நினைவுக்கு வருகிறது. தாய்ச்சி ஆளாகவும் இருக்கலாம், அப்பாவோ தாத்தாவோ நாயை வளர்ப்பவரோ யாராகவும் இருக்கலாம். விளையாட்டுச் சொல் என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள்.

'இம்ப்ரிண்டிங்' பற்றியும் கேட்டிருந்தார்கள். விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸைத் தாய் போலப் பின்தொடர்ந்த வாத்துக்குஞ்சுகளுக்கு நடந்தது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது நிகழ்வு, அதற்குத் தனி இழை தொடங்குவோம். மற்றபடி ஒட்டுதல், பழகுபருவம் இரண்டுக்கும் வலுவான மறுப்பு வராவிட்டால் வார இறுதியில் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். வேற்றுமுகத்துக்கும் தாய்ச்சிக்கும் ஈழத்து, கொங்கு, நெல்லை நண்பர்கள் உங்கள் ஊர்ச் சொல்லை எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு அந்த இரண்டையும் முடிவு செய்வோம்.

அன்புடன்