1939 ஒரு ரூபாய்க் காசு: ஏலத்தில் விற்றவர் ஏமாற்றுகிறார், பணத்தை எப்படித் திரும்ப வாங்குவது?

பழங்காசு_மதுரை:

வணக்கம். கொஞ்சம் அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு ஏலத் தளத்தில் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1939 ஒரு ரூபாய் வெள்ளிக்காசு வந்தது. தளத்தின் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1938 தேடினால் கிடைக்கும், 1939 அபூர்வம் என்பது காசு சேர்க்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். "தாத்தா பெட்டியில் இருந்தது, நூறு சதவீதம் அசல்" என்று எழுதியிருந்தார். கடைசி நேரத்தில் யாரோ ஒருவர் விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே வந்தார், 34,000 ரூபாயில் என் பெயரில் முடிந்தது. தளத்துக்குள்ளேயே கிரெடிட் கார்டில் கட்டினேன்.

காசு கைக்கு வந்ததும் பார்த்தால் கடைசி 9 மட்டும் ஏதோ இடிக்கிறது. முதல் 9 ஒரு மாதிரி, இது ஒரு மாதிரி. விற்றவரைக் கேட்டால் முதலில் "பழைய காசு அப்படித்தான் இருக்கும்" என்றார். அப்புறம் "திரும்ப வாங்க மாட்டேன் என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறேன்" என்றார். தளத்தில் புகார் போட்டதும் குரல் மாறிவிட்டது. இப்போது "புகாரை மூடுங்கள், பாதிப் பணத்தை யுபிஐ-யில் அனுப்பிவிடுகிறேன்" என்கிறார். மூடலாமா? காசு போலிதான் என்று எப்படி நிரூபிப்பது?

சில்லறைப்பை:

மூடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

பெரும்பாலான தளங்களில் ஒரு புகாரை நீங்களே மூடிவிட்டால் அதே ஆர்டருக்கு மறுபடி திறக்க விடமாட்டார்கள். அவருக்கும் அது தெரியும், அதனால்தான் பாதிப் பணம் என்று ஆசை காட்டுகிறார். மூடிய மறு நிமிடம் உங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டுப் போய்விடுவார். பணம் தருவதாக இருந்தால் தளத்தின் வழியாகவே தரட்டும், அதற்கு அங்கே பொத்தான் இருக்கிறது. வாட்ஸப்பில் பேசுவதையும் நிறுத்துங்கள். அவர் கூப்பிட்டால் "தளத்தின் மெசேஜில் எழுதுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். இதுவரை வாட்ஸப்பில் வந்ததை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு அழித்துவிடுவார்.

காசை எடை போட்டீர்களா? 11.66 கிராம் இருக்க வேண்டும். காந்தம் ஒட்டக்கூடாது.

பழங்காசு_மதுரை:

நகைக்கடையில் போட்டேன் அண்ணே, 11.62 காட்டியது. காந்தம் ஒட்டவில்லை. அப்படியானால் அசலா? இப்போது எனக்கே குழப்பமாக இருக்கிறது. இன்னொன்று, எனக்கு எதிராக விலை ஏற்றிய அந்தக் கணக்கின் வரலாற்றைப் பார்த்தேன். இந்த விற்பனையாளரின் பொருட்களில் மட்டும்தான் ஏலம் கேட்டிருக்கிறது, ஒன்றைக்கூட வாங்கியதில்லை. இதையும் புகாரில் சேர்க்கட்டுமா?

வெள்ளிக்கம்பி:

சில்லறைப்பை சொன்ன எடைக் கணக்கு சரிதான், ஆனால் இந்த வருஷத்துக்கு அது போதாது. 1939 வரை ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940-இல் அதைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஈயத்திலோ வேறு மலிவான உலோகத்திலோ வார்த்த போலி என்றால் எடையிலும் அடர்த்தியிலும் மாட்டிக்கொள்ளும். ஆனால் 1939-இல் பலரும் செய்கிற வேலை வேறு: அசல் 1938 காசை எடுத்து, கடைசி 8-ஐச் சுரண்டி 9 ஆக்கிவிடுவார்கள். காசு அசல், வெள்ளி அசல், எடை அசல், வருஷம் மட்டும் பொய். எத்தனை தடவை எடை போட்டாலும் அந்தக் காசு தேறிவிடும்.

வீட்டிலேயே பார்க்க வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துத் தராசைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். 91.7 சதவீத வெள்ளி என்றால் தராசு சுமார் 1.13 கிராம் காட்டும், அது காசு ஒதுக்கும் தண்ணீரின் எடை. பாதி வெள்ளி என்றால் 1.22 பக்கம் போகும். உங்களுக்கு 1.12, 1.13 வந்தால் உலோகம் சரி என்று முடித்துக்கொண்டு நேராக 9-க்கு வாருங்கள். பத்து மடங்கு லென்ஸ், பக்கவாட்டிலிருந்து டார்ச் வெளிச்சம். இரண்டு 9-களும் ஒரே உயரமா? கடைசி எண்ணைச் சுற்றியுள்ள தளம் மட்டும் வழவழப்பாகவோ கீறலாகவோ இருக்கிறதா? நிறம் அங்கே மட்டும் மாறுகிறதா? படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.

அந்த இன்னொரு கணக்கு விஷயம். அது அவருடைய ஆளாகத்தான் இருக்கும், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பணத்தைத் திரும்பக் கேட்கும் புகாரில் அதைக் கலக்காதீர்கள். அந்தக் கணக்கு யாருடையது என்று உங்களால் காட்ட முடியாது, தளத்தால்தான் முடியும். நீங்கள் எழுத வேண்டியது ஒரே வரி: "விளம்பரத்தில் 1939 என்று இருந்தது, வந்தது வருஷம் திருத்தப்பட்ட 1938." ஆள் யோக்கியனா இல்லையா என்பது நமக்கு வேண்டாத வழக்கு, பொருள் சொன்னபடி இல்லை என்பது போதும். கள்ள ஏலத்தைத் தனிப் புகாராகப் போடுங்கள்.

பழங்காசு_மதுரை:

தண்ணீரில் 1.13 வந்தது. படம் போட்டிருக்கிறேன். கடைசி 9-இன் கீழ்ப்பகுதியில் இடது பக்கம் சுரண்டிய தடம் எனக்கே தெரிகிறது.

வெள்ளிக்கம்பி:

பார்த்தேன். தெளிவாக 8-தான். மேல் வளையத்தைத் தொடவே இல்லை, கீழ் வளையத்தின் இடது பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள், சுற்றிலும் மெருகு போட்ட பளபளப்பு வேறு. விளம்பரப் படத்தில் அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் அடித்திருக்குமே? அதையும் உங்கள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தளத்துக்கு அனுப்புங்கள். அசல் 1938 காசு ஒன்று கிடைத்தால் அதன் 8-ஐயும் சேர்த்து மூன்றாவது படமாக வையுங்கள், அங்கே உட்கார்ந்திருப்பவருக்குக் காசு பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். ஊரில் தெரிந்த நாணய வியாபாரி யாராவது லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. வெளிநாட்டுத் தரச்சான்றுக்கு அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் இப்போதைக்குக் கேட்காதீர்கள், அது திரும்பி வருவதற்குள் உங்கள் புகாருக்கான கெடு முடிந்துவிடும்.

வழக்குமன்ற_வாசல்:

"திரும்ப வாங்க மாட்டேன்" என்று விளம்பரத்தில் போட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்று பல பேர் நினைக்கிறார்கள். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில், பொருள் போலியாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமலோ இருந்தால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று இருக்கிறது. தளத்துக்கும் கடமை உண்டு: குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, புகார் வந்த 48 மணி நேரத்தில் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அலுவலரின் பெயரும் மின்னஞ்சலும் தளத்தில் இருக்க வேண்டும், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள். வாடிக்கையாளர் சேவை சாட்டில் மல்லுக்கட்டாமல் நேராக அவருக்கு எழுதுங்கள்.

ஒரு ஓட்டை இருக்கிறது, இப்போதே அடைத்துவிடுங்கள். தனிமனிதர் ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்போதாவது விற்றால் இந்த விதிகள் அவருக்குப் பொருந்தாது. "தாத்தா பெட்டி" கதை எதற்கு என்று இப்போது புரிகிறதா? நாளைக்கு அவர் "நான் வியாபாரியே இல்லை" என்பார். அவருடைய பழைய விற்பனைப் பட்டியலைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வழக்கமாக, தொடர்ந்து விற்கிறார் என்று காட்டினால் அந்தச் சாக்கு நிற்காது.

பழங்காசு_மதுரை:

சார், அந்தப் பட்டியலில் தாத்தா பெட்டி மட்டுமே பக்கம் பக்கமாகப் போகிறது. தஞ்சாவூர் ஓவியம் ஒன்று, கிராமபோன் ஒன்று, 1911-ஆம் வருஷ ரூபாய்க் காசு இரண்டு, எல்லாம் தாத்தாவுடையதாம். எடுத்து வைத்துவிட்டேன். தளம் கைவிட்டால் கார்டு வங்கியிடம் போகலாமா? போலீஸ்?

சில்லறைப்பை:

அந்தத் தாத்தா அருங்காட்சியகமே நடத்தியிருப்பார் போலிருக்கிறது 😂

கார்டுக்காரன்:

வங்கியில் வேலை பார்க்கிறேன், கார்டு பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். போகலாம். "பொருள் விவரித்தபடி இல்லை" என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் ஏற்கும் காரணம். பொதுவாக 120 நாள் வரை இடம் உண்டு, ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம், எங்கள் படிவத்தைச் சீக்கிரம் கொடுத்தால்தான் எங்களால் எதிர்த்தரப்பிடம் வாதாட நேரம் இருக்கும். வங்கியில் கேட்கும்போது "மோசடி" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டால், கார்டை வேறு யாரோ திருடிப் பயன்படுத்தினார்கள் என்ற பிரிவில் போட்டு, கார்டை முடக்கி, கடைசியில் "ஓடிபி நீங்கள்தானே போட்டீர்கள்" என்று தள்ளுபடி செய்துவிடுவார்கள். பொருளைத் திருப்பித் தர முன்வந்தீர்கள், விற்றவர் மறுத்தார் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் கேட்பார்கள். எனவே இன்றே தளத்தின் மெசேஜில் "காசைத் திருப்பி அனுப்பத் தயார், முழுப் பணத்தையும் தாருங்கள்" என்று ஒரு வரி போட்டு வையுங்கள்.

யுபிஐ-யில் நேரடியாக அனுப்பியிருந்தால் இந்த வசதி இருந்திருக்காது. அதனால்தான் இந்த மாதிரி ஆட்கள் எல்லாவற்றையும் தளத்துக்கு வெளியே இழுக்கப் பார்ப்பார்கள்.

வழக்குமன்ற_வாசல்:

போலீஸ் பற்றி. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண், பணத்தை வெளியே சுருட்டிக்கொண்டு ஓடிய வழக்குகளுக்கு உடனே கூப்பிட வேண்டியது. உங்கள் பணம் தளத்தின் வழியாகப் போயிருக்கிறது, ஆள் இன்னும் பதில் பேசுகிறார், எனவே அது முதல் கதவு அல்ல. 1915-க்குக் கூப்பிட்டுத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 2019 சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் போட்டுவிடலாம். தளத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

ஏமாற்றுக் குற்றம் இப்போது பழைய தண்டனைச் சட்டத்தின் 420 இல்லை, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. அதைச் சொல்லி அவரை மிரட்டி மெசேஜ் அனுப்பாதீர்கள், அது உங்கள் பக்கத்தைக் கெடுக்கும்.

பழங்காசு_மதுரை:

நிலவரம் சொல்கிறேன். மூன்று படத்தையும் வியாபாரி எழுதிக் கொடுத்ததையும் குறைதீர் அலுவலருக்கு அனுப்பினேன். சாட்டில் "விற்பனையாளரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தவர்கள், இப்போது காசைத் திருப்பி அனுப்பினால் முழுப் பணம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இப்போது வேறு பயம். நான் அனுப்பிய பிறகு "வெறும் கவர்தான் வந்தது" என்று அவர் சொன்னால்?

சில்லறைப்பை:

சொல்வார். அதனால் தளம் கொடுத்த முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள், அவர் மெசேஜில் வேறு முகவரி கொடுத்தால் மாற்றாதீர்கள். காசின் இரண்டு பக்கமும், அந்த 9 நெருக்கத்திலும் தெரிகிற மாதிரி, கவரில் போட்டு ஒட்டி, தபால் அலுவலகக் கவுண்டரில் கொடுக்கும் வரை ஒரே வீடியோவாக எடுங்கள். நடுவில் நிறுத்தக்கூடாது. ஸ்பீட் போஸ்ட், முழு மதிப்புக்கு இன்சூரன்ஸ். ரசீதில் கவரின் எடை அச்சாகும், அதைப் பத்திரமாக வையுங்கள். தனியார் கூரியர் வேண்டாம், காசு, நகை என்றால் பல கூரியர்கள் பொறுப்பேற்க மாட்டோம் என்று பின்பக்கத்தில் போட்டிருப்பார்கள்.

வெள்ளிக்கம்பி:

அனுப்புவதற்கு முன்னால் விளிம்பில் ஏற்கெனவே இருக்கும் வெட்டு, கறை எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு காசைக் காட்டி "இதைத்தான் அனுப்பினார்" என்று சொல்ல அவருக்கு இடம் கொடுக்காதீர்கள்.

பழங்காசு_மதுரை:

34,000 கார்டுக்கு வந்துவிட்டது! எல்லோருக்கும் நன்றி. தபாலுக்கும் இன்சூரன்ஸுக்கும் ஆன செலவைத் தர மாட்டார்களாம், "கொள்கை" என்கிறார்கள். கள்ள ஏலப் புகாருக்கு இன்னும் பதில் இல்லை, அவர் கணக்கும் அப்படியே இருக்கிறது.

வழக்குமன்ற_வாசல்:

தபால் செலவை விடாதீர்கள். தவறான பொருளை அனுப்பியது அவர்கள் பக்கம், திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்கள் பக்கமா? ரசீதை இணைத்து அதே குறைதீர் அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், 1915-இல் பதிவு செய்திருந்தால் அந்தப் புகார் எண்ணையும் சேர்த்து. கள்ள ஏலப் புகாரின் எண்ணையும் அதிலேயே குறிப்பிட்டுப் பதில் கேளுங்கள்.