வாஷிங் மெஷினும் கீசரும் எங்கே வைத்தீர்கள்?

சென்னை, பெரம்பூர்:
480 சதுர அடி வாடகை வீடு. சர்வீஸ் ஏரியா கிடையாது, பால்கனியில் குழாயும் கிடையாது. மெஷினுக்கு இடம் தேடி வீடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தபோது பிளம்பர் சொன்னார்: "இடத்தைப் பாக்காதீங்க சார், தண்ணி போற வழியைப் பாருங்க." சமையலறை சிங்க்குக்குப் பக்கத்தில், மேடைக்கு அடியில்தான் அந்த வழி இருந்தது. அங்கே டாப் லோடு வைத்தால் மூடி திறக்காது, அதனால் ஃபிரன்ட் லோடு. மேடைக்கு அடியில் 34 அங்குலம், மெஷின் உயரம் 85 சென்டிமீட்டர். அரை அங்குலம் மிச்சம்! பின்னால் குழாய் மடங்காமலிருக்க நாலு விரல் விட்டதில் முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது. பார்க்க அழகில்லை, போகட்டும்.

கீசர்தான் தலைவலி. மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கையடக்கமாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டோம். எலக்ட்ரீஷியன் தடுத்துவிட்டார். 3000 வாட், 13 ஆம்பியர் இழுக்கும், இந்தப் பழைய ஒயர் தாங்காது என்றார். அப்புறம் பாத்ரூம் கதவுக்கு மேலே படுக்கைவாக்கில் 10 லிட்டர், 2000 வாட் மாட்டினோம். பச்சைத் தண்ணீர் கலந்தால் ஒரு வாளிக்குத் தாராளம். மெஷினும் சுடுதண்ணீரில் துவைத்தால் கிட்டத்தட்ட அதே அளவு கரண்ட் இழுக்கும், இரண்டையும் சேர்த்துப் போட்டால் டிரிப். "கீசர் அணைச்சாச்சா?" என்று குரல் கொடுக்காமல் வீட்டில் யாரும் மெஷினைத் தொடுவதில்லை.

கோவை:
இடம் மிச்சம் என்று கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மட்டும் மாட்டிவிடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளித்து, உள்ளேயே மயங்கி விழுந்தான். நல்லவேளை, தாழ்ப்பாள் போடவில்லை. கேஸ் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. எங்கள் வீட்டில் கீசர் வெளிச்சுவரில் இருக்கிறது, குழாய் மட்டும்தான் உள்ளே வருகிறது.

சிங்கப்பூர், தோ பாயோ:
இங்கே பழைய வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் துணியை மூங்கில் கழியில் கோத்து, சமையலறை ஜன்னலுக்கு வெளியே இருக்கும் குழாய்த் துளையில் செருக வேண்டும். நாலு ஈர ஜீன்ஸ் தொங்கும் கழியைப் பத்தாவது மாடியிலிருந்து வெளியே நீட்டத் தோளில் வலு வேண்டும், என் மாமியாருக்கு அது விளையாட்டு மாதிரி. வெந்நீருக்குக் குளியலறைச் சுவரில் சின்ன இன்ஸ்டன்ட் ஹீட்டர், தொட்டியே கிடையாது. பெரம்பூர் அண்ணா, துணி எங்கே காயப்போடுகிறீர்கள்?

சென்னை, பெரம்பூர்:
ஹாலில் கப்பி வைத்த கொடி, கயிற்றை இழுத்தால் மேலே போய்விடும். மழைக்காலத்தில் விருந்தாளி வந்தால்தான் கொஞ்சம் சங்கடம்.