மே மாதம் டிவி, போன் இல்லாமல் சேர்ந்து என்ன செய்யலாம்?

மூன்றாம்மாடி:
எங்கள் அடுக்ககத்தில் ஆறு குடும்பம். சாயங்காலமானால் வீட்டுக்கொரு டிவி, ஆளுக்கொரு போன். போன வாரம் ஒரு மணி நேரம் கரண்ட் போனதும் எல்லோரும் மொட்டை மாடிக்கு வந்து பேசிக்கொண்டிருந்தோம், கரண்ட் வந்த பிறகும் பிள்ளைகளுக்குக் கீழே இறங்க மனசே வரவில்லை. இந்த லீவில் சேர்ந்து ஏதாவது செய்ய ஆசை. யோசனை சொல்லுங்கள்.

வெயில்காலம்:
கூழ் வடாம் போடுங்கள்! பச்சரிசி மாவு, ஜவ்வரிசி, பச்சை மிளகாய் விழுது, உப்பு, பெருங்காயம் போட்டு முதல் நாள் ராத்திரியே ஒரு வீட்டில் கூழ் கிளறிவிடுங்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள் ஈர வேட்டியை விரித்து ஆளுக்கொரு கரண்டியோடு உட்கார வேண்டியதுதான். மத்தியானம் ஓரம் மட்டும் மொறுமொறுவென்று, நடுவில் பிசுபிசுவென்று இருக்குமே, அந்தப் பதத்தில் பிள்ளைகள் பிய்த்துத் தின்னட்டும், திட்டாதீர்கள். காய்ந்ததும் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் உடையாமல் உரிந்து வரும்.

சோழி:
காக்காய்க்குக் காவல் இருப்பவர்களுக்குப் பல்லாங்குழி. பலகை இல்லையா, தரையில் சாக்பீஸால் 14 வட்டம் போதும், குழிக்கு 5 புளியங்கொட்டை. எனக்குக் கூட்டல் கழித்தல் வந்ததே பாட்டியோடு இதை ஆடித்தான்.

மூன்றாம்மாடி:
ரொம்ப நன்றி. எதிர்வீட்டு அக்கா ஜவ்வரிசி தருகிறேன் என்றுவிட்டார். வடாம் கூழில் எலுமிச்சம்பழமும் பிழிவார்களே, அதை எப்போது பிழிய வேண்டும்?

வெயில்காலம்:
கூழ் நன்றாக ஆறிய பிறகு. சூட்டில் பிழிந்தால் கசந்துவிடும்.