பீப் என்பதற்குத் தமிழ்ச் சொல்: தாங்கமுக்கமா, எஞ்சமுக்கமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சத்திரசிகிச்சையின்போது செயற்கைச் சுவாசக் கருவியில் நாங்கள் வைக்கும் பீப் (PEEP, positive end-expiratory pressure: மூச்சு வெளியேறி முடியும்போதும் நுரையீரலில் விட்டுவைக்கும் அமுக்கம்) என்னும் அளவுக்குத் ‘தாங்கமுக்கம்’ என்ற சொல்லைச் சென்ற மடலில் முன்மொழிந்திருந்தேன். கல்முனையிலிருந்து ஆசிரியர் ஐயா எழுதிய மறுப்பைத் திரும்பத் திரும்ப வாசித்த பின்னர், அவர் சொல்வதே சரியென்று கருதுகிறேன். அச்சொல்லைக் கைவிட்டு, ‘எஞ்சமுக்கம்’ என்பதைக் காரணங்களோடு முன்வைக்கிறேன்.

மயக்க மருந்து கொடுத்து நோயாளியை மல்லாந்து படுக்க வைத்ததும் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகடு தளர்ந்து மேலேறுகிறது. நுரையீரலில் வழக்கமாக மிஞ்சியிருக்கும் காற்றின் அளவு குறைந்து, முதுகுப் பக்கத்துச் சிற்றறைகள் ஒட்டிச் சுருங்கிவிடுகின்றன. நோயற்ற நுரையீரல் உடையவர்களிலும் பெரும்பாலானோருக்கு இது நடக்கிறது. அதன்பின் கருவி தள்ளும் காற்று திறந்திருக்கும் சிற்றறைகளுக்குள் மட்டும் புகுவதால் அவை அளவுக்கு மீறி விரிகின்றன. சுருங்கியவற்றின் ஓரத்திலுள்ளவை ஒவ்வொரு மூச்சிலும் திறந்து மூடி உரசுப்படுகின்றன. இதைத் தவிர்க்கவே மூச்சு வெளியேறி முடியும் வேளையிலும் வளிமண்டல அமுக்கத்துக்கு மேலாக ஒரு சிறு அமுக்கத்தை உள்ளே விட்டுவைக்கிறோம். சாதாரணமாக 5 சென்ரிமீற்றர் நீரளவு (அமுக்கத்தை நீர் நிரலின் உயரத்தால் சொல்லும் அலகு) வைப்பதுண்டு.

சிற்றறைகளைத் தாங்கிப் பிடிப்பதால் தாங்கமுக்கம் என்று எழுதினேன். ஐயா கேட்டது ஒரே கேள்விதான்: “அது எப்போதும் தாங்குகிறதா?”

ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், இல்லை என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 2013இல் பிரான்சில் வயிற்றுச் சத்திரசிகிச்சைக்கு உள்ளான 400 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஒரு மூச்சுக்கு, கணிக்கப்பட்ட உடலெடையின் கிலோகிராமுக்கு 10 முதல் 12 மில்லிலீற்றர் வரை காற்றுத் தந்து பீப் வைக்காத பிரிவில் 27.5 வீதமானோருக்குப் பெரிய சிக்கல்கள் ஏற்பட்டன. 6 முதல் 8 மில்லிலீற்றர் வரை தந்து, 6 முதல் 8 சென்ரிமீற்றர் பீப் வைத்து, இடையிடையே நுரையீரலை விரித்துவிட்ட பிரிவில் அது 10.5 வீதமாக இருந்தது. அங்கே மூன்று மாற்றங்கள் ஒன்றாகச் செய்யப்பட்டன. எது நன்மை செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அடுத்த ஆண்டு வெளிவந்த, 900 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு இரு பிரிவினருக்கும் குறைந்த காற்றளவையே தந்து, ஒரு பிரிவுக்கு 12 சென்ரிமீற்றரும் மற்றதற்கு 2 சென்ரிமீற்றருக்கு மேற்படாமலும் பீப் வைத்துப் பார்த்தது. நுரையீரற் சிக்கல்களில் வேறுபாடு காணப்படவில்லை. மாறாக, கூடிய பீப் வைக்கப்பட்டவர்களுக்குச் சத்திரசிகிச்சையின்போது குருதியமுக்கம் அதிகமாக வீழ்ந்தது. நெஞ்சறைக்குள் அமுக்கம் கூடும்போது இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைவதே அதற்குக் காரணம்.

ஆகவே, மருந்தாகவும் சுமையாகவும் மாறக்கூடிய ஓர் அளவுக்கு நன்மையை முன்கூட்டியே உறுதிசெய்யும் பெயரை வைத்தால், அதைப் படித்து வரும் தாதிய மாணவர் எண்ணைக் கூட்டினால் தாங்குதலும் கூடும் என்று நினைத்துவிடுவார். சொல் அளவைக் குறிக்கட்டும். பயனைப் பாடம் சொல்லட்டும்.

‘எஞ்சமுக்கம்’ வினைத்தொகை. எஞ்சிய, எஞ்சுகின்ற, எஞ்சும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்துவதால், மூச்சுக்கு மூச்சு மீண்டும் மீண்டும் நிகழும் ஒன்றுக்கு அது இயல்பாக அமைகிறது. அக்கரைப்பற்றிலிருந்து எழுதும் தங்கை குளத்தின் வானை (மிகுநீர் வழிந்தோடும் கலிங்கை) உவமையாகக் காட்டியிருந்தார்: வான் மட்டத்துக்கு மேலே உள்ள தண்ணீர் பாய்ந்து போகும், கீழே உள்ளது நிற்கும். கருவியின் வெளிமூச்சு வாயிலும் அப்படியே வேலை செய்கிறது. அவர் ‘அணையமுக்கம்’ என்று பரிந்துரைத்தார். அணை என்றால் முழுவதும் மறிப்பதாகப் பொருள்படும் என்பதால் எனக்குத் தயக்கம். ஆனால் உவமை ‘எஞ்சு’ என்ற வினைக்கே துணை நிற்கிறது.

ஆங்கிலப் பெயரிலுள்ள positive என்பதற்குரிய ‘நேர்’ என்ற அடையை விட்டதற்குக் காரணம், எஞ்சுவது என்றாலே பூச்சியத்துக்கு மேற்பட்டது என்பது விளங்கிவிடுகிறது. அமுக்கமா அழுத்தமா என்ற விவாதத்தை இங்கே கிளப்ப விரும்பவில்லை. எங்கள் பாடநூல்களில் அமுக்கம் இருக்கிறது, தமிழகத்து நண்பர்கள் எஞ்சழுத்தம் என்று எழுதலாம்.

ஓர் இடர் உண்டு, அதை மறைக்கக்கூடாது. ஈளை நோயாளிகளுக்கு மூச்சை வெளிவிட நேரம் போதாமல் காற்றுச் சிக்குவதால், நாங்கள் வைக்காமலே ஓர் அமுக்கம் உள்ளே மிஞ்சும். அதைத் ‘தன்னெஞ்சமுக்கம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வாசித்துக் காட்டினால் ‘தன் நெஞ்சு அமுக்கம்’ என்றே காதில் விழுகிறது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் அவசரமாகச் சொல்லப்படும் சொல்லுக்கு இந்த மயக்கம் ஆகாது. அதனைச் ‘சிக்கிய எஞ்சமுக்கம்’ என்றும், நாங்கள் வைப்பதை ‘இட்ட எஞ்சமுக்கம்’ என்றும் பிரித்து எழுதுவோம். நோயாளிகளுக்கான துண்டுப்பிரசுரத்தில் கலைச்சொல்லே வேண்டாம். “நுரையீரல் சுருங்காமலிருக்க மூச்சின் முடிவில் விட்டுவைக்கும் சிறு அமுக்கம்” என்று விரித்து எழுதினாற் போதும்.

சொல்லைக் கணக்கில் வைத்தும் பார்த்தேன். உள்மூச்சின் முடிவில் காற்றோட்டத்தைச் சற்று நிறுத்தி அளக்கும் ‘தேக்க அமுக்கம்’ 17, எஞ்சமுக்கம் 5 என்றால், கழித்து வரும் 12 சென்ரிமீற்றரே அந்த மூச்சுக்காக நுரையீரலை விரித்த அமுக்கம். இந்த வேறுபாட்டுக்கு ‘விரியமுக்கம்’ என்று எழுதலாமா என்று ஐயாவும் தங்கையும் சொல்ல வேண்டுகிறேன். ‘இயக்க அமுக்கம்’ என்று முன்பு ஒரு மடலில் வந்தது. எதை இயக்குகிறது என்பது அதில் தெரியவில்லை.